வியாழன் வழியில் உடன்செல்வோர்

நுழையும்முன்

தாளில் எழுதப்பட்ட கணக்கு ஒன்று வானில் மெய்ப்படுவதற்கு 134 ஆண்டுகள் ஆயின. வியாழன் செல்லும் அதே பாதையில், அதற்கு முன்னும் பின்னும், அதன் வேகத்திலேயே செல்லும் சிறுகோள்கள் பல்லாயிரம் உள்ளன. அவை வியாழன்மீது மோதுவதில்லை. அதைவிட்டு அகன்று போவதுமில்லை. அவை எங்ஙனம் கணிக்கப்பட்டன, ஏன் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை, இன்று அவற்றைத் தேடி விண்கலம் செல்வது ஏன் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பன்னிரண்டு ஆண்டுப் பயணம்

கும்பகோணத்து மகாமகப் பெருவிழா 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடைபெற்றது. அடுத்த பெருவிழா 2028இல் வரவுள்ளது. பன்னிரண்டு ஆண்டு என்னும் இக்கணக்கைத் தந்தது வியாழன் கோளே. வியாழன் சிம்ம ராசியில் நிற்கும் ஆண்டில், மாசித் திங்களின் முழுநிலவு மக விண்மீனோடு கூடும் நாள் மகாமகம் எனப்படும். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டுக்கு இது சற்றுக் குறைவு. ஆகையால் அரிதாகப் பதினோராம் ஆண்டிலேயே இவ்விழா வந்துவிடுவதும் உண்டு. வியாழனின் இச்சுற்றை வியாழ வட்டம் எனப் பெயரிட்டு வழங்கிய மக்களுக்கு அக்கோளின் நடை நன்கு பழகிய ஒன்று.

சூரியனிலிருந்து வியாழனின் தொலைவு ஏறத்தாழ 77 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர். புவிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு வானியல் அலகு என்று கொண்டால் இது 5.2 அலகாகும். வியாழனின் நிறை புவியின் நிறையைப்போல் 318 மடங்கு. சூரியக் குடும்பத்தின் ஏனைய கோள்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் வியாழனின் நிறைக்கு ஈடாகா. இத்துணைப் பெரிய கோள் வலம்வரும் பாதையில் வேறெந்தப் பொருளும் நிலைத்திருக்க இயலாது என்றே எவரும் எண்ணுவர். அருகில் வருவதைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். இல்லையேல் தூக்கி எறிந்துவிடும். வால்விண்மீன்கள் பலவற்றுக்கு வியாழனால் இந்நிலை நேர்ந்ததும் உண்மை. எனினும் அதே பாதையில் வியாழனால் கலைக்கப்படாத இரண்டு இடங்கள் உள்ளன. அவற்றை முதலில் கண்டது தொலைநோக்கி அன்று, கணிதம்.

மூன்று பொருள் கணக்கு

ஈர்ப்புவிசையால் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு பொருள்கள் எவ்வாறு இயங்கும் என்பதை நியூட்டனின் விதிகளைக்கொண்டு முழுமையாகக் கூறிவிடலாம். மூன்றாவதாக ஒரு பொருள் சேர்ந்துவிட்டால் கணக்கு கைமீறிப் போகிறது. பொதுவான தீர்வு ஒரு சூத்திரத்துள் அடங்குவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பெருங்கணிதர் பலர் இதனோடு போராடினர். மூன்று பொருள்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்று சுழலும் சிறப்பு நிலைகளை ஆய்லர் கண்டறிந்தார். இத்தாலியின் தூரின் நகரில் பிறந்து அக்காலத்தில் பெர்லினில் பணியாற்றிய ஜோசப் லூயி லெக்ராஞ்சு, 1772இல் பாரிசு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற தம் ஆய்வுரையில், நேர்க்கோட்டில் அமையாத ஒரு தீர்வையும் கண்டார். மூன்று பொருள்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் நின்றால், அம்முக்கோணம் வடிவு குலையாமல் சுழன்றுகொண்டே இருக்கும் என்பது அத்தீர்வு.

இது ஏன் என்பதைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் வெக்டர் கூட்டலைக்கொண்டே காட்டலாம். சூரியன், வியாழன், சிறுகோள் ஆகிய மூன்றும் சமபக்க முக்கோணத்தில் உள்ளன எனக் கொள்க. சிறுகோளிலிருந்து சூரியனும் வியாழனும் ஒரே தொலைவில் உள்ளன. தொலைவு ஒன்றாக இருப்பதால், சிறுகோளை அவை இழுக்கும் இழுப்புகளின் விகிதம் அவற்றின் நிறைகளின் விகிதமே ஆகும். இவ்விரு இழுப்புகளையும் வெக்டராகக் கூட்டினால் கிடைக்கும் தொகுபயன் சூரியனை நோக்கியும் அமையாது, வியாழனை நோக்கியும் அமையாது. இரண்டின் பொது நிறைமையத்தை நோக்கியே அமையும். சூரியனும் வியாழனும் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கின்றனவோ அப்புள்ளியே அது. தொகுபயனின் அளவைக் கணக்கிட்டாலோ, அந்நிறைமையத்தைச் சுற்றி வியாழனுக்கு ஈடான கோணவேகத்தில் சுழலத் தேவையான மையநோக்கு முடுக்கம் எதுவோ, கூடாமலும் குறையாமலும் அதுவே கிடைக்கிறது. திசையும் பொருந்துகிறது, அளவும் பொருந்துகிறது. இதற்கு மேல் சிறுகோளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. அதன் நிறை என்ன என்ற வினாவே கணக்கில் எழவில்லை என்பதையும் கருதுக.

இவ்வாறு அமையும் புள்ளிகள் ஐந்து. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோட்டின்மீது அமைபவை எல்1, எல்2, எல்3 எனப்படும். முக்கோண முனைகளாக அமைபவை எல்4, எல்5. கோளுக்கு 60 பாகை முன்னால் செல்வது எல்4. 60 பாகை பின்னால் வருவது எல்5. ஐந்தும் இன்று லெக்ராஞ்சியன் புள்ளிகள் என்றே வழங்குகின்றன. மூன்றைக் கண்ட ஆய்லரின் பெயர் அதில் மறைந்துபோயிற்று. தம் முக்கோணத் தீர்வுக்கு இயற்கையில் இடமுண்டு என லெக்ராஞ்சு எதிர்பார்க்கவில்லை. கணித ஆர்வத்தின் பொருட்டே அதனை எழுதினார். அவர் 1813இல் மறைந்தபோது அறியப்பட்ட சிறுகோள்கள் நான்கே.

நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு தேடல்

சிறுகோள்களைத் தேடும் பணியில் சென்னைக்கும் பங்குண்டு. ஆவடியிலிருந்தோ பூவிருந்தவல்லியிலிருந்தோ நுங்கம்பாக்கம் செல்வோர், கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தைக் காண்பர். மதராசு வானாய்வகம் 1792 முதல் இயங்கிய இடம் அது. அவ்வாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்றும் அங்கு நிற்கிறது.

1861இல் இவ்வாய்வகத்தின் வானியலாளராகப் பொறுப்பேற்ற நார்மன் ராபர்ட் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயரிடப்பட்டது. அதன் வரிசை எண் 67. தொடர்ந்து 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா ஆகியவற்றையும் அவர் சென்னையிலிருந்தே கண்டார். அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தவர். 1874இல் நிகழ்ந்த வெள்ளிக்கோள் இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டவர்.

அந்நாளில் சிறுகோள் தேடுவது கண்ணுக்கும் பொறுமைக்கும் இடப்பட்ட சோதனை. வானின் ஒரு சிறு பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து, தெரியும் விண்மீன்களை எல்லாம் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத ஒரு புள்ளி தென்பட்டால் அது படம் வரைந்தவரின் விடுபாடாகவும் இருக்கலாம். அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் பெயர்ந்திருந்தால் மட்டுமே சிறுகோள் எனக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் வானமே தெரியாது. இந்நிலையில் ஒருவர் ஐந்து சிறுகோள்களைக் கண்டது எளிய செயலன்று.

போக்சன் ஐந்தைக் கண்டும், வியாழன் பாதையில் இருந்தவற்றுள் ஒன்றேனும் அவருக்குத் தென்படாதது ஏன்? இதற்கு விடை கூறும் அளவுகோலை வகுத்தவரும் போக்சனே என்பது வியப்புக்குரியது. சென்னைக்கு வருமுன், 1856இல், விண்மீன்களின் ஒளியைத் தரப்படுத்தும் முறைக்கு அவர் கணித வடிவம் தந்தார். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு. ஆகவே ஒரு தரத்திற்கு 2.512 மடங்கு. தர எண் கூடக்கூட ஒளி குறையும். உலகின் எல்லா வானாய்வகங்களும் இன்றும் இவ்வளவையையே பின்பற்றுகின்றன. ஆசியா சிறுகோள் புவிக்கு அருகில் வரும்போது அதன் ஒளித்தரம் ஏறத்தாழ 11. வியாழன் பாதையில் உள்ள பெரிய சிறுகோள் ஒன்றின் ஒளித்தரமோ ஏறத்தாழ 15. நான்கு தர வேறுபாடு என்பது ஏறத்தாழ 40 மடங்கு. உருவில் ஆசியாவைவிடச் சிறியதல்லாத ஒன்றும், தொலைவு மிகுந்ததால் அத்துணை மங்கிப்போகிறது. கண்ணை ஒற்றிப் பார்க்கும் முறையால் அதனை எட்ட முடியாது.

தகட்டில் விழுந்த கோடு

கண்ணால் இயலாததை ஒளிப்படத் தகடு செய்தது. கண் ஒரு நொடியில் பெறும் ஒளியை அடுத்த நொடிக்குச் சேமித்து வைப்பதில்லை. தகடோ மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். செருமனியின் ஹைடெல்பெர்க் நகரில் மாக்சு வுல்ஃபு என்பவர் இம்முறையால் 1891 முதல் சிறுகோள்களைக் கண்டறிந்து வந்தார். விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பத் தொலைநோக்கியை நகர்த்திக்கொண்டே நெடுநேரம் படமெடுத்தால், விண்மீன்கள் புள்ளிகளாகப் பதியும். அவற்றிடையே இடம்பெயரும் சிறுகோள் சிறு கோடாகப் பதியும். தொலைவிலுள்ள சிறுகோள் மெல்ல நகர்வதால் அதன் கோடு குறுகியதாக இருக்கும்.

1906 பிப்ரவரி 22ஆம் நாள் வுல்ஃபு கண்டறிந்த சிறுகோளுக்கு 588 என்ற எண்ணும் அகில்லெசு என்ற பெயரும் வழங்கப்பட்டன. அதன் பாதையைக் கணக்கிட்டபோது, அது வியாழன் உள்ள தொலைவிலேயே சூரியனைச் சுற்றுவது தெரிந்தது. சுவீடனின் லுண்ட் நகர வானியலாளர் கார்ல் சார்லியர், இது லெக்ராஞ்சு கூறிய எல்4 புள்ளியை ஒட்டியுள்ளது என்று சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் ஆகஸ்டு கோப்ஃபு, பின்னால் வரும் எல்5 பகுதியில் பத்ரோக்ளசைக் கண்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் முன்பகுதியில் எக்டரையும் அவரே கண்டார். தாளில் இருந்த முக்கோணம் இரு முனைகளிலும் மெய்யாயிற்று.

பெயர்களை வியன்னாவின் யோகான் பலிசா முன்மொழிந்தார். கிரேக்கக் காப்பியமாகிய இலியத்தில் வரும் திராய் நகரப் போரின் வீரர்களே இப்பெயர்களுக்கு உரியோர். இதனால் இவை டிரோஜன் சிறுகோள்கள் எனப்பட்டன. பின்னர் எல்4 பகுதியில் உள்ளவற்றுக்குக் கிரேக்க வீரர் பெயரும், எல்5 பகுதியில் உள்ளவற்றுக்குத் திராய் வீரர் பெயரும் இடுவது என்று மரபு வகுத்தனர். மரபு தோன்றுமுன்னரே பெயர் பெற்ற இருவர் மட்டும் மாறி நிற்கின்றனர். கிரேக்கனாகிய பத்ரோக்ளசு திராய்ப் பாசறையிலும், திராய் இளவரசனாகிய எக்டர் கிரேக்கப் பாசறையிலும் இன்றுவரை உள்ளனர். காப்பியத்தில் எக்டரைக் கொன்றவன் அகில்லெசு. வானில் இருவரும் ஒரே பாசறையில் உள்ளனர். சிறுகோள்களின் எண்ணிக்கை பெருகிக் காப்பியப் பெயர்கள் போதாமற்போகவே, சிறியவற்றுக்கு ஒலிம்பிக் விளையாட்டு வீரர்களின் பெயரிட 2018 முதல் இசைவு அளிக்கப்பட்டுள்ளது.

ஆவடியின் மொட்டைமாடியிலிருந்து

இச்சிறுகோள்கள் உள்ள திசையை எவரும் அறிந்துகொள்ளலாம். ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை, சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வியாழன் தோன்றும். இதனை எதிர்நிலை என்பர். அந்நாள்களில் நள்ளிரவில் வியாழன் வானின் உயரத்தில் நிற்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் விளக்குகளோ பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் விளக்குகளோ அதனை மறைத்துவிட முடியாது. வெள்ளி ஒழிந்தால் இரவு வானில் கோள்களுள் பெரும்பாலும் அதுவே மிகுந்த ஒளியுடையது. கையை முழுதும் நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால், மடக்கிய கையின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். வியாழனிலிருந்து கோள்களின் பாதை வழியே கிழக்காக ஏழு கையளவு சென்றால் எல்4 பகுதி. மேற்காக ஏழு கையளவு சென்றால் எல்5 பகுதி.

கணக்கில் 60 என்று கூறிவிட்டு வானில் 70 பாகை அளப்பது ஏன் என்ற ஐயம் எழலாம். 60 பாகை என்பது சூரியனிலிருந்து பார்க்கும் கோணம். எதிர்நிலையில் புவி, சூரியனைவிட ஒரு வானியல் அலகு வியாழனுக்கு அருகில் நிற்கிறது. அருகிலிருந்து பார்ப்பதால் கோணம் விரிகிறது. 5.2 அலகுப் பக்கமுள்ள சமபக்க முக்கோணம் வரைந்து, ஒரு பக்கத்தின்மீது ஓர் அலகு தள்ளிப் புள்ளியிட்டு அளந்தால் விடை 70 பாகைக்குச் சற்று மேல் வருவதைக் காணலாம்.

திசை தெரிந்தாலும் அங்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்கண்ணின் எல்லை ஆறாம் ஒளித்தரம். பதினைந்தாம் தரப் பொருள் அதனினும் ஏறத்தாழ 4000 மடங்கு மங்கியது. இருண்ட வானிலும் இதே நிலைதான். நகர வானிலோ ஆறாம் தர விண்மீனே தெரிவதில்லை. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. பின்னாளில் திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில், காவலூரில் புதிய வானாய்வகம் எழுந்தது. அங்கு ரா. இராஜமோகன் 1988 பிப்ரவரி 17ஆம் நாள் கண்ட சிறுகோளுக்கு இராமானுஜன் எனப் பெயரிடப்பட்டது, எண் 4130. போக்சன் கண்ட வேராவுக்கும் இதற்கும் இடையே 103 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இழுக்க இழுக்க விலகும் விந்தை

எல்4, எல்5 புள்ளிகளில் விசைகள் சமன்படுகின்றன என்பது மட்டும் போதாது. ஊசிமுனையில் நிறுத்திய பந்தும் சமநிலையில்தான் உள்ளது; சிறு காற்றுக்கும் அது விழுந்துவிடும். சனிக்கோளின் ஈர்ப்பும் பிற கோள்களின் ஈர்ப்பும் டிரோஜன் சிறுகோள்களை இடைவிடாது அசைக்கின்றன. அவ்வாறாயின் அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருப்பது எங்ஙனம்?

எல்4 பகுதியில் ஒரு சிறுகோள் தன் இடத்திலிருந்து பின்வாங்கி வியாழனைச் சற்று நெருங்கிவிட்டது எனக் கொள்க. பின்னால் வரும் வியாழன் அதனைப் பின்னோக்கி இழுக்கிறது. இழுத்தால் அது மேலும் நெருங்கும் என்றே தோன்றும். நிகழ்வதோ நேர்மாறு. பின்னிழுப்பால் சிறுகோள் தன் ஆற்றலை இழக்கிறது. ஆற்றல் குறைந்ததால் சூரியனுக்குச் சற்று அருகிலுள்ள சிறிய பாதைக்கு இறங்குகிறது. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சிறிய பாதையில் சுற்றுக்காலம் குறைவு. ஆகவே அது விரைந்து முன்னேறி வியாழனைவிட்டு விலகிச் செல்கிறது. 60 பாகையைக் கடந்து அப்பால் போய்விட்டால், வியாழனின் நேரடி இழுப்பு தளர்ந்து, வியாழன் சூரியனையே இழுத்து அசைப்பதால் உண்டாகும் விளைவு மேலோங்குகிறது. அதனால் சிறுகோள் ஆற்றல் பெறுகிறது; பெரிய பாதைக்கு ஏறுகிறது; வேகம் குறைந்து வியாழன் பக்கமே பின்தங்குகிறது. இவ்வாறு முன்னும் பின்னுமாக அது எல்4ஐச் சுற்றி ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஓர் ஊசலாட்டத்திற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். அகில்லெசைக் கண்டறிந்த 1906 முதல் இன்றுவரை அது ஓர் ஊசலாட்டத்தைக்கூட முடித்திருக்கவில்லை.

வியாழனோடு சேர்ந்து சுழலும் ஒருவர் இவ்வூசலாட்டத்தை வரைந்தால் அது தலைப்பிரட்டையின் வடிவில் அமையும். வால் வியாழனிலிருந்து விலகிய பக்கம் நீண்டிருக்கும். ஆதலின் டிரோஜன் சிறுகோள்கள் இரு புள்ளிகளில் குவிந்து கிடப்பவை அல்ல. பாதையின்மீது நெடுந்தொலைவு பரவியுள்ள இரு பெருங்கூட்டங்கள் என்பதே சரி.

இந்நிலைப்பாட்டிற்கு ஒரு நிபந்தனை உண்டு. நடுவிலுள்ள பொருளின் நிறை, சுற்றும் பொருளின் நிறையைப்போல் ஏறத்தாழ 25 மடங்கேனும் இருத்தல் வேண்டும். சூரியன் வியாழனைப்போல் 1047 மடங்கு நிறையுடையது. நிபந்தனை எளிதில் நிறைவேறிவிடுகிறது.

எல்1, எல்2, எல்3 ஆகிய மூன்றும் இத்தன்மையன அல்ல. ஊசிமுனைப் பந்து என்ற உவமை அவற்றுக்கே பொருந்தும். இதனை இந்தியா பட்டறிந்துள்ளது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலம், 2024 சனவரி 6ஆம் நாள் சூரியனுக்கும் புவிக்கும் இடையிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்க்கப்பட்டது. புவியிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர். தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் சாஜி இத்திட்டத்தின் இயக்குநர். அதன் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம், பழைய மதராசு வானாய்வகத்தின் வழித்தோன்றலே. ஆதித்யாவைத் தன் போக்கில் விட்டுவிட்டால் அது சில மாதங்களில் விலகத் தொடங்கிவிடும். உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கி அதனை நிறுத்திவைக்கின்றனர். டிரோஜன் சிறுகோள்களுக்கு அத்தகைய செலவு ஏதுமில்லை.

பழம்பொருள் களஞ்சியம்

பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட டிரோஜன்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவை மட்டும் பல இலட்சம் இருக்கும் என மதிப்பிடுகின்றனர். பெரியது எக்டர், நீள்வடிவானது, அதன் சராசரி அளவு 200 கிலோமீட்டருக்கும் மேல். இவை கரியைப்போல் இருண்டவை. தம்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே திருப்பி அனுப்புகின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள்களை இவற்றின் நிறமாலை பெரிதும் ஒத்திருக்கவில்லை. வால்விண்மீன்களின் கருவையும், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிப்பொருள்களையும் ஒத்திருக்கிறது.

இவ்வொற்றுமை பெரிய வினா ஒன்றை எழுப்பியது. இவை வியாழன் அருகிலேயே தோன்றியவையா, தொலைவிலிருந்து வந்து சிக்கியவையா? சூரியக் குடும்பத்தின் தொடக்கக் காலத்தில் பெருங்கோள்கள் இன்றுள்ள இடங்களில் இல்லை. அவை இடம்பெயர்ந்தபோது உண்டான குழப்பத்தில் வெளிப்புறப் பனிப்பொருள்கள் சிதறின. அவற்றுள் சில வியாழன் பாதையின் இவ்விரு இடங்களில் அகப்பட்டுக்கொண்டன என்று 2005இல் வெளியான ஒரு கோட்பாடு கூறுகிறது. இது மெய்யானால், நெப்டியூனுக்கு அப்பால் சென்று எடுக்க வேண்டிய சான்றை வியாழன் பாதையிலேயே பெறலாம்.

பத்ரோக்ளசு இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. அது ஒற்றைப் பொருளன்று என்பது 2001இல் தெரியவந்தது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவுள்ள இரு பொருள்கள், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மற்றதன் பெயர் மெனீடியசு. காப்பியத்தில் பத்ரோக்ளசின் தந்தை. இத்தகைய இணை, மோதல்கள் மலிந்த சூழலில் நெடுங்காலம் கிடந்திருந்தால் பிரிந்து போயிருக்கும். பிரியாமல் இருப்பதால், கோள்களின் இடப்பெயர்ச்சி சூரியக் குடும்பம் தோன்றிய முதல் பத்துக்கோடி ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும் என 2018இல் ஆய்வாளர்கள் முடிவுகூறினர். இரண்டு கற்கள் பிரியாதிருப்பதைக்கொண்டு வியாழனும் சனியும் எப்போது நகர்ந்தன என்று கூற முடிகிறது.

லூசியின் நெடும்பயணம்

இவற்றை நேரில் காண 2021 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் நாசா நிறுவனம் லூசி என்னும் விண்கலத்தை அனுப்பியது. எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த தொன்மனிதப் புதைபடிவத்தின் பெயர் அது. விசிறிபோல் விரியும் இரண்டு சூரியத் தகடுகளுள் ஒன்று முழுமையாக விரியாமற்போனது. பொறியாளர்கள் மாதக்கணக்கில் முயன்று, பணிக்குப் போதுமான அளவு அதனை விரித்தனர். செல்லும் வழியில் 2023 நவம்பரில் தின்கினேசு என்ற சிறுகோளையும், 2025 ஏப்ரலில் தொனால்டுசோகான்சன் என்ற சிறுகோளையும் அது படமெடுத்தது. இரண்டும் டிரோஜன்கள் அல்ல. கருவிகளுக்கு ஒத்திகை என்றே கூறலாம். எனினும் தின்கினேசுக்கு ஒரு துணைக்கோள் உண்டு என்பதும், அத்துணைக்கோளே ஒன்றோடொன்று ஒட்டிய இரு கற்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

2027 ஆகஸ்டில் யூரிபேட்டசு, செப்டம்பரில் பாலிமெலி, 2028 ஏப்ரலில் லூக்கசு, நவம்பரில் ஓரசு என நான்கு டிரோஜன்களை லூசி எல்4 பகுதியில் கடக்கவுள்ளது. 2028 மாசியில் கும்பகோணத்து மகாமகக் குளத்தில் மக்கள் கூடும்போது, அக்கலம் கிரேக்கப் பாசறையின் நடுவே சென்றுகொண்டிருக்கும். அதன்பின் அது புவியை நோக்கித் திரும்பி, புவியின் ஈர்ப்பால் உந்தப்பட்டு, எதிர்ப்புறமுள்ள எல்5 பகுதிக்குச் செல்லும். 2033 மார்ச்சில் பத்ரோக்ளசு இணையை அடையும். எரிபொருள் தீர்ந்த பின்னரும் அதன் பாதை இரு கூட்டங்களுக்கிடையே நெடுங்காலம் தொடரும் என்பதால், தகவல்கள் பொறித்த தகடு ஒன்றையும் அதில் பொருத்தியுள்ளனர்.

பாதையைப் பகிரும் பிறர்

டிரோஜன்கள் வியாழனுக்கு மட்டும் உரியவை அல்ல. செவ்வாய்க்கும் நெப்டியூனுக்கும் உண்டு. புவிக்கும் 2010இல் ஒன்றும் 2020இல் ஒன்றுமாக இரண்டு கண்டறியப்பட்டன. சனியின் துணைக்கோளாகிய தெத்தீசின் பாதையில் தெலெசுதோ, கலிப்சோ என்னும் இரு சிறு துணைக்கோள்கள் 60 பாகை முன்னும் பின்னும் செல்கின்றன. நடுவில் சூரியனே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணக்கில் இல்லை.

இவற்றுள் மிகவும் விந்தையானது 2015இல் அவாயித் தீவிலிருந்து கண்டறியப்பட்ட 2015 பிஇசட்509 என்ற சிறுகோள். கோள்கள் அனைத்தும் சூரியனை ஒரே திசையில் சுற்ற, இச்சிறுகோள் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதுவும் வியாழனுக்கு ஈடான சுற்றுக்காலத்தில், வியாழனின் வழியைக் குறுக்கிட்டுக்கொண்டே செல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வியாழனைக் கடக்கிறது. ஒருமுறை உட்புறமாகவும் ஒருமுறை வெளிப்புறமாகவும் கடப்பதால், வியாழன் முதலில் தரும் மாற்றத்தை அடுத்தமுறை தானே ஈடுசெய்துவிடுகிறது. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அது மோதாமல் இவ்வாறு சென்றுவருகிறது எனக் கணக்கிட்டுள்ளனர்.

இரு பாசறைகளிலும் சிறுகோள்களின் எண்ணிக்கை ஒன்றாக இல்லை என்பதும் இன்றைய ஆய்வுக்குரிய பொருள். எல்4, எல்5 ஆகிய இரண்டிற்கும் லெக்ராஞ்சின் கணக்கு எந்த வேறுபாடும் காட்டவில்லை; முக்கோணத்தை எப்பக்கம் வரைந்தாலும் ஒன்றே. ஆயினும் முன்னால் செல்லும் கிரேக்கப் பாசறையில் இருப்போர், பின்னால் வரும் திராய்ப் பாசறையில் இருப்போரைவிடத் தெளிவாகவே மிகுதி. வியாழன் இடம்பெயர்ந்த விதமே இவ்வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். வேறு விளக்கம் கூறுவோரும் உளர்.